அதே ஊர், அதே ஸ்டேஷன், வேறு ரயில்: மீட்டர் கேஜ் நினைவுகளை எப்படிப் படிப்பது?

கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு இன்றும் ரயில் போகிறது. ஸ்டேஷன் இருந்த இடத்திலேயே இருக்கிறது, தண்டவாளமும் பெரும்பாலும் பழைய தடத்தில்தான் கிடக்கிறது. ஆனால் ரயில் ரசிகர்கள் நான்கு பேர் சேர்ந்துவிட்டால் இந்தப் பழைய சென்னை–திருச்சி பாதையை நினைத்து ‘மெயின் லைன் போயிடுச்சு’ என்று பெருமூச்சு விடுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் இளைஞருக்கு ஒன்றும் புரிவதில்லை. நேற்று ராத்திரிகூட அந்த வழியாகத்தானே வந்தோம், எது போய்விட்டது?

போனது மீட்டர் கேஜ். தமிழ்நாட்டின் தென்பாதியை ஏறக்குறைய நூற்றுமுப்பது வருடம் இணைத்துவைத்திருந்த அமைப்பு அது. அதற்கென்று தனி இன்ஜின், தனி பெட்டி, தனி ஸ்டேஷன், தனிப் பழக்கங்கள் எல்லாம் இருந்தன. தண்டவாளத்தை ஏறக்குறைய 68 சென்டிமீட்டர் அகலப்படுத்தியதும் இவை அனைத்தும் ஒரே தலைமுறைக்குள் காணாமல் போயின. அந்த அமைப்பு எப்படி இயங்கியது என்று தெரியாமல் ரசிகர்களின் நினைவுகளைப் படித்தால் வெறும் ஏக்கமாகத் தெரியும். ஒன்றுக்கொன்று முரணாகவும் தெரியும். அதனால் அடிப்படையிலிருந்து வருவோம்.

கேஜ் என்றால் என்ன?

இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரம்தான் கேஜ். இந்தியாவில் முக்கியமாக மூன்று வகை.

1. அகலப்பாதை: 1,676 மில்லிமீட்டர், அதாவது ஐந்தரை அடி.
2. மீட்டர் கேஜ்: 1,000 மில்லிமீட்டர்.
3. குறும்பாதை: 762 அல்லது 610 மில்லிமீட்டர்.

ஒரு கேஜில் ஓடும் வண்டி இன்னொன்றில் ஓடாது. சக்கரம் பொருந்தாது என்பது மட்டும் காரணமில்லை. பெட்டியின் அகலம், இன்ஜினின் எடை, பாலம் தாங்கும் பாரம், வளைவின் கூர்மை, குகையின் உயரம் எல்லாமே அந்த ஒரு அளவை வைத்துத்தான் தீர்மானமாகின்றன. அகலப்பாதைப் பெட்டி ஏறக்குறைய 3.25 மீட்டர் அகலம் என்றால் மீட்டர் கேஜ் பெட்டி 2.75 மீட்டர்தான். பழைய பயணிகள் ‘குட்டி ரயில்’ என்று செல்லமாகச் சொல்வதற்கு அடியில் இருப்பது இந்த அரை மீட்டர்.

இன்ஜின்களின் பெயரிலேயே கேஜ் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘ஒய்’ என்று ஆரம்பித்தால் மீட்டர் கேஜ். ஒய்பி என்றால் பயணிகள் வண்டியை இழுக்கும் நீராவி இன்ஜின், ஒய்ஜி என்றால் கூட்ஸ் இன்ஜின், ஒய்டிஎம்-4 என்றால் இரண்டுக்கும் பொதுவான டீசல். ரசிகர்கள் இந்த எழுத்துகளை மந்திரம் போல உச்சரிப்பார்கள். வெளியாள் மிரள வேண்டாம், முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

ஒரு மீட்டர் எங்கிருந்து வந்தது?

ஆரம்பத்தில் இந்திய ரயில்பாதைகள் அகலப்பாதையாகவே போடப்பட்டன. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் போனது, அதுவும் அகலப்பாதைதான். அதில் செலவு அதிகம். பஞ்சமும் கடனும் நெருக்க, 1870 வாக்கில் வைஸ்ராய் மேயோ பிரபுவின் அரசு மலிவான இரண்டாவது அளவு ஒன்றைத் தேடியது. குறுகிய பாதைக்கு லேசான தண்டவாளம், சிறிய பாலம், கூர்மையான வளைவு போதும். பல அளவுகள் விவாதிக்கப்பட்டு, மூன்றேகால் அடியை ஒட்டி வந்து நின்றது. அப்போது இந்தியாவில் மெட்ரிக் அளவை கொண்டுவரும் யோசனை இருந்ததால் அதையே சரியாக ஒரு மீட்டர் ஆக்கிவிட்டார்கள். தண்டவாளத்துக்கு வந்த மீட்டர், துணிக்கடைக்கு வந்து சேர 1950களின் கடைசி வரை ஆனது என்பது வேறு கதை.

தெற்கே இந்த அளவைத் தூக்கிப்பிடித்தது சவுத் இண்டியன் ரயில்வே கம்பெனி. 1874-ல் இரண்டு பழைய கம்பெனிகள் இணைந்து உருவானது இது. அதில் ஒன்றான கிரேட் சதர்ன் கம்பெனி 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து அகலப்பாதை போட ஆரம்பித்து, திருச்சியை எட்டி, ஈரோடு வரை நீட்டியிருந்தது. 1875-ல் நாகப்பட்டினம்–திருச்சி அகலப்பாதையைப் பிடுங்கி மீட்டர் கேஜ் ஆக்கினார்கள். 1879-ல் திருச்சி–ஈரோடு பாதைக்கும் அதே கதி. 1929-ல் ஈரோட்டுப் பாதை மறுபடியும் அகலமானது. நாகப்பட்டினப் பாதை அகலமாவதற்கு இந்த நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

‘வெள்ளைக்காரன் போட்ட மீட்டர் கேஜை நாம்தான் அகலமாக்கினோம்’ என்று ஒருவர் சொன்னால் முழுக்கத் தவறில்லை. ஆனால் டெல்டாவில் அது அகலமாகப் பிறந்து, குறுகி, திரும்ப அகலமான பாதை.

சென்னைக்கு ஏன் இரண்டு பெரிய ஸ்டேஷன்கள்?

தெற்கே போக எழும்பூர், வடக்கேயும் மேற்கேயும் போக சென்ட்ரல் என்ற பிரிவு இன்றும் பெரும்பாலும் நிற்கிறது. இதை ஊர்த்திசை வழக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மூலகாரணம் கம்பெனியும் கேஜும். சென்ட்ரல், மெட்ராஸ் ரயில்வேயின் அகலப்பாதை முனையம். 1908-ல் திறந்த எழும்பூர், சவுத் இண்டியன் ரயில்வேயின் மீட்டர் கேஜ் முனையம். இரண்டு ஸ்டேஷன்களுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான், ஆனால் அப்போது ஒரு பெட்டிகூட இங்கிருந்து அங்கே உருண்டு போக முடியாமல் இருந்தது. 1951 ஏப்ரல் 14 அன்று பழைய ரயில்வேக்களை இணைத்து தெற்கு ரயில்வே உருவானபோது நிர்வாகம் ஒன்றானது, தண்டவாளம் ஒன்றாகவில்லை.

ஒவ்வொரு நினைவுக்கும் அடியில் ஒரு நிர்ப்பந்தம்

ரசிகர்களின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வரும் காட்சிகள் உண்டு. அவற்றை அழகியலாக மட்டும் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். கிட்டத்தட்ட ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தொழில்நுட்ப நிர்ப்பந்தத்தின் பக்கவிளைவு.

1. விழுப்புரத்தில் வண்டி வெகுநேரம் நிற்கும். சாப்பாட்டுக்காக நிற்பதாகவே பயணிகள் நினைத்தார்கள். உண்மையில் அங்கே இன்ஜின் மாற்றுவார்கள். சென்னை கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931 மே 11-ல் ஓடத் தொடங்கியது. 1960களில் மின்கம்பி விழுப்புரம் வரை நீண்டது. இந்தியாவில் மீட்டர் கேஜுக்கு மின்சாரம் கிடைத்தது இந்த ஒரு பாதையில்தான். அதற்காகவே ஜப்பானிலிருந்து ஒய்ஏஎம்-1 இன்ஜின்கள் வந்தன. விழுப்புரத்தோடு கம்பி தீர்ந்துவிடும். அதற்கு அப்பால் கரி இன்ஜின், பிற்பாடு டீசல். மாற்றுகிற நேரத்தில் வியாபாரம் நடந்தது, பிளாட்பாரத்து இட்லி நினைவில் தங்கிவிட்டது.

2. ஓடும் வண்டியிலிருந்து வளையத்தை வீசுவார்கள், இன்னொன்றைப் பிடிப்பார்கள். இது டோக்கன். பெரும்பாலான மீட்டர் கேஜ் பாதைகள் ஒற்றைப்பாதை. எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடாமல் இருக்க, அடுத்த ஸ்டேஷன் வரைக்குமான அனுமதியை ஒரு சிறு உலோகக் குண்டின் வடிவில் கொடுத்தார்கள். இரண்டு ஸ்டேஷன்களிலும் இருக்கும் கருவிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு குண்டு வெளியே இருக்கும்வரை அடுத்தது வெளியே வராது. அதைப் பையில் போட்டு, கையில் மாட்டிக்கொள்ளப் பெரிய வளையத்தோடு சேர்த்திருப்பார்கள். நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் என்றால் பாய்ண்ட்ஸ்மேன் வளையத்தை உயர்த்திப் பிடித்து நிற்க, ஃபயர்மேன் கையைக் கோத்து எடுத்துக்கொள்வார். பார்ப்பதற்குச் சாகசம். தவறவிட்டால் வண்டியை நிறுத்தித்தான் ஆக வேண்டும், டோக்கன் இல்லாமல் அடுத்த பகுதிக்குள் நுழையக் கூடாது.

3. ஆளில்லாத குட்டி ஸ்டேஷனில் அரைமணி நேரம். கிராசிங் என்பார்கள். இதுவும் ஒற்றைப்பாதையின் விளைவுதான். லூப் லைன் என்ற பக்கத்தடத்தில் ஒதுங்கி, எதிர் வண்டி தாண்டிப் போகும்வரை காத்திருக்க வேண்டும். புளியமரம், குழாயடி, ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு முல்லைப்பந்தல் எல்லாம் இந்த அரைமணியில் பார்த்தவை. இரட்டைப்பாதை வந்த ஊர்களில் அந்தப் புளியமரம் நின்றாலும் யார் கண்ணிலும் படுவதில்லை.

4. நள்ளிரவில் மூட்டையோடு பிளாட்பாரம் மாறுவது. கேஜ் மாறும் ஜங்ஷன்களில் ஆட்களும் சரக்கும் இறங்கி ஏற வேண்டும். ஈரோட்டிலிருந்து அகலப்பாதையில் திருச்சி வந்தவர் கும்பகோணம் போக வேண்டுமென்றால் மீட்டர் கேஜ் பக்கம் நடக்க வேண்டும். மனிதர்கள் நடந்துவிடுவார்கள், நெல்லும் சிமென்டும் நடக்காது. மூட்டை மூட்டையாக இறக்கி ஏற்றும் இந்த வேலைதான் மீட்டர் கேஜுக்கு எமனாக வந்தது.

5. கண்ணில் விழுந்த கரித்தூள். இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. ஜன்னலோரம் வேண்டும் என்று அடம்பிடித்த எல்லாப் பிள்ளைகளும் வாங்கிக்கட்டிக்கொண்டது.

யார் மூடினார்கள், எதற்காக?

1950-51-ல் இந்தியாவின் மொத்த ரயில்பாதையில் மீட்டர் கேஜ் ஏறக்குறைய 24,000 கிலோமீட்டர். பாதிக்குச் சற்றே குறைவு. இது ஓரமாகக் கிடந்த அமைப்பு இல்லை. 1977 ஆகஸ்ட் 15-ல் சென்னைக்கும் மதுரைக்கும் இடையே பகல்நேர வைகை எக்ஸ்பிரஸ் விட்டார்கள். மீட்டர் கேஜால் என்ன முடியும் என்று காட்டிய வண்டி என்று ரசிகர்கள் இன்றும் மார்தட்டுவார்கள். தட்டட்டும், நியாயம்தான்.

1992-ல் நாடு முழுவதையும் ஒரே கேஜுக்குக் கொண்டுவரும் திட்டம் தொடங்கியது. அப்போது ரயில்வே அமைச்சர் ஜாபர் ஷெரீஃப். வாதம் எளிமையானது. இரண்டு கேஜ் என்றால் இரண்டு வகை இன்ஜின், இரண்டு வகை பெட்டி, இரண்டு வகை பட்டறை. ஜங்ஷன்தோறும் சரக்கு இறக்கி ஏற்றும் செலவு வேறு. அகலப்பாதை வேகனில் அதிகப் பாரம் போகும், வழியில் இறக்காமல் நாட்டின் அந்தக் கோடி வரை போகும். ரயில்வேயின் வருமானம் பெரும்பாலும் சரக்கிலிருந்து வருவதால் முடிவு ஒருவிதத்தில் முன்பே எழுதியாகிவிட்டது.

மாற்றுவதற்குப் பாதையை மூட வேண்டும். இந்த இடைவெளிதான் ஊர்களை உலுக்கியது. விழுப்புரம்–மயிலாடுதுறை 2006 கடைசியில் மூடி 2010-ல் திறந்தது. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை 1904-ல் ரயில் பார்த்த பாதை. பகவதிபுரம் தாண்டினால் குகை, பதின்மூன்று கண் பாலம், பின்னால் தள்ளும் இரண்டாவது இன்ஜின் என்று ரசிகர்களுக்கு அது ஒரு திருத்தலம். 2010 செப்டம்பரில் மூடி 2018-ல்தான் திறந்தார்கள். சென்னைப் புறநகரில் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004-லேயே விடைபெற்றுவிட்டது.

நாலு வருடம், எட்டு வருடம் என்று மூடிவைத்தால் பஸ் பழகிவிடும். சீசன் டிக்கெட் வைத்திருந்தவர்கள் பைக் வாங்கிவிடுவார்கள். ஒரு பையன் ஆறாம் வகுப்பில் சேரும்போது நின்ற ரயில், அவன் காலேஜ் போகும்போது திரும்பி வரும். அவனுக்கு அது புது ரயில், அவன் அப்பாவுக்குப் பழைய ரயில் இல்லை.

‘அப்போ சீக்கிரம் போகும்’ என்ற புலம்பலையும் ஒரேயடியாகத் தள்ள முடியாது. 2019-ல் திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதையில் வண்டி ஓடத் தொடங்கியபோது கேட்டுகளுக்குப் போதிய ஆளில்லை. ரயிலில் வந்தவரே ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூடி, வண்டி தாண்டியதும் திறந்துவிட்டு ஏறிக்கொண்டார். ஏறக்குறைய 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்தப் பாதையில் அந்த வருடத்துக்கு அந்தப் புலம்பல் நியாயமானது. அதையே சென்னை–மதுரைக்கும் சேர்த்துச் சொன்னால் வெறும் ஏக்கம்.

நினைவும் பதிவேடும் மோதும் இடங்கள்

ஒரே விஷயத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவர் தவறு என்று முடிவுகட்டிவிடுகிறோம். ரயில் நினைவுகளில் பலமுறை இரண்டுமே சரி, வருடம்தான் வேறு.

போட் மெயிலை எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் ‘தாத்தா தூத்துக்குடியில் கப்பல் ஏறிக் கொழும்பு போனார்’ என்பார்கள். இன்னொரு வீட்டில் தனுஷ்கோடி என்பார்கள். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கும்வரை மெட்ராஸ் ரயில் தூத்துக்குடி போய் அங்கிருந்து கப்பல். அதற்குப் பிறகு தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குச் சிறு கடல்பயணம், மறுபடி இலங்கை ரயில். இரண்டு தாத்தாக்களும் சொன்னது சரிதான்.

தனுஷ்கோடியைப் பற்றி ஒரு தவறு மட்டும் ஊரெல்லாம் நிலைத்துவிட்டது. ராமேஸ்வரம் தாண்டி தனுஷ்கோடி போக வேண்டும் என்பது இன்றைய சாலை வழி. ரயிலுக்கு ஜங்ஷன் பாம்பன். அங்கிருந்து ஒரு பாதை ராமேஸ்வரத்துக்கு, இன்னொன்று நேராக தனுஷ்கோடிக்கு. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுக்குச் சற்று முன் கடல் கொண்டுபோனதும் 653 எண் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர்தான்.

அதில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில்தான் நினைவும் பதிவேடும் நேராக மோதுகின்றன. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 115. வாய்மொழியாக அதைவிட அதிகம் சொல்வார்கள். காரணம் விற்ற டிக்கெட்டை வைத்துத்தான் பயணிகளை எண்ண முடிந்தது. டிக்கெட் வாங்காமல் ஏறியவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இங்கே பதிவேடு நம்பகமானது, நினைவு மிகைப்படுத்தும் என்று எடுத்தவுடன் சொல்லிவிட முடியாது. பதிவேட்டின் ஓட்டை எங்கே என்பது தெரிந்த விஷயம். அந்தப் புயலில் சேதமான பாம்பன் பாலத்தை ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாளில் சீர்செய்துவிட்டது. தனுஷ்கோடிக்குப் பாதை திரும்பவில்லை.

ஆகவே ஒரு நினைவைக் கேட்கும்போது சில கேள்விகளைக் கைவசம் வைத்துக்கொள்வது நல்லது.

1. எந்த வருடம்? ‘சின்ன வயசுல’ என்பது போதாது. இன்ஜின் கரியா டீசலா என்று கேட்டால் காலம் ஓரளவு பிடிபடும்.
2. எந்த வழி? சென்னையிலிருந்து திருச்சிக்கு இரண்டு பாதை. கடலூர், மயிலாடுதுறை, தஞ்சாவூர் வழி மெயின் லைன். விருத்தாசலம், அரியலூர் வழி கார்டு லைன், அதாவது குறுக்குப் பாதை. ‘திருச்சி வண்டி’ என்று மட்டும் சொன்னால் எது என்று தெரியாது.
3. எந்தப் பெயர்? மாயவரம், மாயூரம், மயிலாடுதுறை மூன்றும் ஒரே ஜங்ஷன். பழைய கால அட்டவணையில் தேடுகிறவர்கள் இங்கேதான் வழுக்கி விழுவார்கள்.
4. சொல்பவர் எங்கே நின்றிருந்தார்? ரயிலில் கார்டாக வேலை பார்த்தவருக்கு நேரம் துல்லியமாக நினைவிருக்கும், பயணிகளின் முகம் இருக்காது. தினசரிப் பயணிக்கு எல்லாமே ஒரே பயணமாகக் கலந்திருக்கும். ரசிகருக்கு இன்ஜின் நம்பர் தெரியும், அன்று மழையா வெயிலா என்று கேட்டால் யோசிப்பார்.

மிச்சமிருப்பவை

தமிழ்நாட்டில் இன்னும் ஓடும் மீட்டர் கேஜ் ஒன்றுதான்: மேட்டுப்பாளையம்–ஊட்டி, 46 கிலோமீட்டர். 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததால் பிழைத்தது என்று சொல்வார்கள். அதுமட்டும் இல்லை, அந்தச் சரிவையும் பல்சக்கரத் தண்டவாளத்தையும் அகலப்பாதை ஆக்குவது நடக்கிற காரியமே கிடையாது. அந்த ரயிலுக்கான நீராவி இன்ஜின்களை இந்த நூற்றாண்டிலும் திருச்சி பொன்மலைப் பட்டறை புதிதாகச் செய்திருக்கிறது. 1920களின் கடைசியில், நாகப்பட்டினத்துப் பட்டறையின் வேலைகளை மாற்றி, சவுத் இண்டியன் ரயில்வே எழுப்பிய அதே பொன்மலை. ஒய்டிஎம்-4 டீசல்கள் சில மியான்மர் போன்ற மீட்டர் கேஜ் நாடுகளுக்குப் போய்விட்டன. ஆனால் ஊட்டி ரயிலைப் பார்த்துவிட்டு மீட்டர் கேஜ் என்றால் இப்படித்தான் போல என்று நினைத்துவிடக் கூடாது. அது மலைப்பாதை, உல்லாசப் பயணம். காலை ஏழரை வண்டிக்கு டிபன் பாக்ஸோடு ஓடிவந்த கூட்டத்தின் ரயில் வேறு.

அந்தக் கூட்டத்தின் ரயிலுக்குப் போடி பாதை நல்ல உதாரணம். மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் வரை 1928-ல் மீட்டர் கேஜ் போட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் தண்டவாளம் தேவைப்பட, 1942-ல் பிடுங்கிக்கொண்டு போனார்கள். 1950களில் மறுபடி போட்டார்கள். 2010 டிசம்பர் 31-ல் அகலப்பாதைக்காக மூடினார்கள். வேலை இழுத்து இழுத்து, 2022-ல் தேனி வரை வந்து, 2023 ஜூனில் போடியைத் தொட்டது. போடியில் ஒரு பெரியவர் ‘முதல் ரயில் வந்த அன்னைக்கு ஊரே ஸ்டேஷனில்தான் இருந்தது’ என்று ஆரம்பித்தால், எந்த முதல் ரயில் என்று கேட்டுவிட்டு மேலே கேட்க வேண்டும்.